லுவாவில் இல்லாத இடங்கள்

லுவா என்ற நிரலாக்க மொழியில், பெயர்களுக்கு நேரே மதிப்புகளை வைத்திருக்கும் ஒரு டேபிளிடம் அதில் இல்லாத பெயரைக் கேட்டுப் பாருங்கள். பிழைச் செய்தி வராது, நிரல் நின்றுபோகாது. வெறுமையைக் குறிப்பதற்கென்றே அந்த மொழியில் ஒரு மதிப்பு உண்டு. அதைப் பதிலாகக் கொடுக்கும். தலைகீழாகவும் இப்படித்தான். ஒரு பெயருக்கு நேரே அந்த வெறுமையை எழுதினால், பெயரே டேபிளிலிருந்து போய்விடும். நீக்குவதற்கெனத் தனிக் கட்டளை கிடையாது. இன்னும் மதிப்பு தராத மாறியும் வெறுமை, ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது தராமல் விட்ட உள்ளீடும் வெறுமை. இல்லாமை எத்தனை விதமாக வந்தாலும் அதற்கு ஒரே முகம்.

எந்த மொழியிலும் இல்லாததைச் சமாளிக்க ஏதாவது ஏற்பாடு இருக்கும். லுவாவில் அந்த ஏற்பாட்டின்மீதே மொழியின் பெரும்பகுதி நிற்கிறது. இந்த மொழியை நீட்டலாம், வளைக்கலாம், நம் வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அதைப் பயன்படுத்தும் எவரும் சொல்வார்கள். அது எப்படி முடிகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், எதுவும் இல்லாத இடங்களில்தான் நமக்கு வழி விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். அந்த வழிகள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பது, பல வருடம் பழகிய பிறகும் எனக்கு அலுக்காத விஷயம்.

லுவா பிறந்தது 1993-இல், ரியோ டி ஜனேரோவில், அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் என்ற கணினி வரைகலைக் கூடத்தில். ஆக்கியவர்கள் மூவர்: ரொபெர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ். பிரேசில் அரசு 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுக் கணினிகளுக்கும் மென்பொருளுக்கும் கடுமையான தடைகள் வைத்திருந்தது. வெளியிலிருந்து மென்பொருள் வாங்கி, அதைத் தேவைக்கேற்ப மாற்றித் தரச் சொல்வது அங்கே எளிதில் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. அதனால் அடிப்படைக் கருவிகளைக்கூடத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் டெக்கிராஃபில் வேரூன்றியிருந்தது. அவர்களுடைய முக்கியமான வாடிக்கையாளர் பெட்ரோபிராஸ் என்ற எண்ணெய் நிறுவனம். அதற்காக இரண்டு சிறு மொழிகளை முன்பே செய்திருந்தார்கள். ஒன்று, சிமுலேஷன் நிரல்களுக்குத் தரவு கொடுக்கும் படிவங்களை விவரிக்க. இன்னொன்று, நிலத்தடிப் பாறை அடுக்குகளை அறிக்கையாக வரைந்து தரும் மென்பொருளின் அமைப்பைச் சொல்ல. நாளாக ஆக அவற்றைப் பயன்படுத்திய பொறியாளர்களின் தேவை வளர்ந்தது: நிபந்தனைகள் வேண்டும், சுழல்கள் வேண்டும், ஃபங்ஷன்கள் வேண்டும். இரண்டையும் ஒட்டுப்போட்டு வளர்ப்பதற்குப் பதிலாக ஒரே முழு மொழியைச் செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. 1993 ஜூலையில் செலெஸ் அதன் முதல் வடிவத்தை, ரொபெர்ட்டோவின் மேற்பார்வையில், ஒரு பாடத்துக்கான செயல்திட்டமாகவே எழுதி முடித்தார்.

அந்தப் பொறியாளர்களின் சாயல் மொழியின் முகத்தில் இன்றும் இருக்கிறது. நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயரும் மதிப்புமாக எழுதிக்கொண்டே போனால் அது ஒரு டேபிள். கடைசி வரிக்குப் பின்னும் காற்புள்ளி போடலாம், போடாமலும் விடலாம். வரிகளை முன்பின் மாற்றுகிறவருக்கு எது கடைசி வரி என்ற கவலை இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷனின் பெயரை எழுதி, உடனே நெளிவு அடைப்புக்குறி திறந்துவிடலாம். வட்ட அடைப்புக்குறி தேவையில்லை. படிக்கிறவர் கண்ணுக்கு அது ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்ததுபோல இருக்கும்: கிணறு, அதன் ஆழம், அதன் அடுக்குகள். கணினிக்கோ அது ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை. எழுதியவர் தரவைத்தான் எழுதினார், ஓடுவது நிரல். பட்டியல்கள் ஒன்றிலிருந்து எண்ணப்படுகின்றன, பூஜ்ஜியத்திலிருந்து அல்ல. மற்ற மொழிகளில் ஊறியவர்கள் இதை இன்றைக்கும் குறையாகச் சொல்வதுண்டு. முதல் அடுக்கை முதல் அடுக்கு என்றே எண்ணும் நிலவியலாளருக்காகப் பிறந்த மொழி அது. அவருடைய வழக்கத்தை அது மதித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூவரும் தங்களுக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். மூவருக்கும் சம்மதம் இருந்தால்தான் புதியதொன்று மொழிக்குள் வரும். ஒன்றைப் பிறகு சேர்த்துக்கொள்வது எளிது, சேர்த்ததை எடுப்பது கடினம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 2020-இல் வந்த 5.4 பதிப்பில் மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் மொத்தம் 22. மதிப்புகளில் எட்டு வகை. பலவற்றைச் சேர்த்து வைக்கும் அமைப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: டேபிள்.

வரிசைப் பட்டியலும் டேபிள்தான், அகராதியும் டேபிள்தான். கணம் வேண்டுமென்றால் உறுப்புகளைப் பெயர்களாக வைத்த டேபிள், பொருள் சார்ந்த நிரலாக்கத்தின் பொருளும் டேபிள், நூலகமும் ஃபங்ஷன்களை அடுக்கிய டேபிள். நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகள்கூட மொழிக்குள் எங்கோ ரகசியமாக இல்லை. நாம் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு டேபிளில்தான் இருக்கின்றன. இது எப்படிப் பிற்பாடு கைகொடுக்கிறது என்பதைச் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் எதற்கும் வேகம் இருக்காதே என்று கேட்கலாம். 2003-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் உள்ளே இரண்டு பாகங்கள்: எண் வரிசைக்கு ஒன்று, மற்றப் பெயர்களுக்கு ஒன்று. வரிசைப் பாகம் எவ்வளவு நீளம் என்பதை நாம் சொல்வதில்லை. பெயர்ப் பாகம் நிரம்பி, புதிதாக ஒன்றை வைக்க இடமில்லாமல் போகும் அந்த நேரத்தில், லுவா எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது. ஒன்று முதல் ஓர் எல்லை வரை உள்ள இடங்களில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும். இரண்டின் அடுக்குகளில் அப்படி அமையும் மிகப் பெரிய எல்லை எதுவோ, அதுவே வரிசைப் பாகத்தின் புதிய நீளம். ஓரளவு நெருக்கமாக அடுக்கிய பட்டியலுக்கு வரிசையின் வேகம் கிடைக்கிறது. பத்து லட்சமாவது இடத்தில் ஒரே ஒரு மதிப்பை வைத்தவருக்காக நினைவகம் பத்து லட்சம் இடங்களை வீணாக்குவதில்லை. எழுதுகிறவர் எதையும் அறிவிக்கவில்லை, தேர்ந்தெடுக்கவில்லை. டேபிள் தன் பழக்கத்தைப் பார்த்துத் தானே உருமாறிக்கொள்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் இந்த நேர்த்தி குறைகிறது. பட்டியலின் நடுவில் வெறுமையை வைத்தால் அங்கே ஓட்டை விழும். அதன் பிறகு பட்டியலின் நீளம் என்ன என்று கேட்டால், ஓட்டைக்கு முந்தைய இடமும் பதிலாக வரலாம், உண்மையான கடைசியும் வரலாம். இரண்டுமே மொழியின் இலக்கணப்படி சரி. வெறுமை என்றாலே இல்லாமை என்று வைத்துக்கொண்டதற்குக் கொடுக்கும் விலை இது. கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இதே முடிவிலிருந்துதான் லுவாவின் மிக அழகான பகுதி கிளைக்கிறது.

அதற்கு மெட்டாடேபிள் என்று பெயர். எந்த டேபிளுக்கும் துணையாக இன்னொரு டேபிளை இணைக்கலாம். கேட்ட பெயர் முதல் டேபிளில் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தத் துணையில் எழுதி வைக்கலாம். அங்கே ஒரு ஃபங்ஷன் இருந்தால் லுவா அதை அழைக்கும். ஃபங்ஷனுக்குப் பதில் வேறொரு டேபிள் இருந்தால், அங்கே போய்த் தேடும். வீட்டில் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்பதுபோல. அங்கேயும் இல்லையென்றால் அவர்கள் தங்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கித் தருவார்கள். இந்த ஓர் ஏற்பாட்டில் மரபுரிமை முழுவதும் அடங்கிவிடுகிறது. வகுப்பு என்ற கருத்தே லுவாவுக்குத் தெரியாது. தன்னிடம் இல்லாததை எந்த டேபிளிடம் கேட்பது என்பது மட்டும் தெரியும், அது போதுமானதாக இருக்கிறது. ஆரம்ப மதிப்புகள், கேட்கும்போதே கோப்பிலிருந்து படித்துக் கொடுக்கும் தரவு, ஒருமுறை கணக்கிட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன், எழுத அனுமதிக்காத டேபிள் என்று பிற மொழிகளில் தனித்தனி வசதிகளாக இருப்பவை இங்கே ஒரே வாசல் வழியாக வருகின்றன.

இதில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது, இது எப்போது விழித்துக்கொள்கிறது என்பதை. கேட்ட பெயர் டேபிளில் இருந்தால் மெட்டாடேபிளை லுவா எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு எண்களைக் கூட்டும்போதும் அப்படியே. கூட்டவே முடியாத இரண்டைக் கூட்டச் சொன்னால்தான், கூட்டலுக்கு நீங்கள் எழுதிய பொருளைத் தேடிப் போகும். வழக்கமான பாதையில் கல்லும் முள்ளும் இல்லை. மொழி தோற்று நிற்கும் இடத்தில் மட்டும் நம் குரலுக்கு இடம் உண்டு.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1995-இல் வந்த 2.1 பதிப்பில், ஒரு செயல் தோற்றால் அழைக்க வேண்டிய ஃபங்ஷனை அறிவிக்கும் வசதி வந்தது. ஆனால் அது நிரல் முழுவதற்கும் ஒன்றே. இரண்டு நூலகங்கள் தங்கள் தங்கள் விருப்பத்தை அறிவித்தால் மோதிக்கொள்ளும். 1997-இன் 3.0 பதிப்பில் அது வகைக்கு வகை என்று சுருங்கியது. 5.0 பதிப்பில் ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனி ஆயிற்று. எட்டு ஆண்டுகளில் இந்த வசதி வளர்ந்தது என்பதைவிட, சரியான அளவுக்குக் குறுகியது என்று சொல்வதே பொருத்தம்.

மூல நிரலைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பரிசு காத்திருக்கிறது. டேபிளின் உள்ளமைப்பில் ஒரே ஒரு பைட் அளவுக்குக் கொடிகள் வைக்கும் இடம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பிட்டும் குறிப்பது, இன்ன மாற்று ஏற்பாடு இந்த மெட்டாடேபிளில் இல்லை என்பதை. இருக்கிறது என்பதையல்ல, இல்லை என்பதை! ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்த பிட் எழுதப்படும். அடுத்த முறை தேடாமலேயே தெரிந்துவிடும். அந்த டேபிளில் யாராவது புதிதாக ஏதாவது எழுதியவுடன் கொடிகள் எல்லாம் அழிக்கப்பட்டு அறியாமை நிலைக்குத் திரும்பும். அடிக்கடி தேவைப்படும் சில ஏற்பாடுகளுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, ஏனென்றால் பைட்டில் எட்டு இடங்களே உண்டு. இல்லாமையை இவ்வளவு சிக்கனமாகக் குறித்து வைத்த நிரல் வரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதே கையின் வேலைப்பாடு இன்னோர் இடத்திலும் தெரியும். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷனை எழுதுகிறோம். உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் மாறியைப் பயன்படுத்துகிறது. வெளி ஃபங்ஷன் வேலை முடிந்து போய்விட்டால் அதன் மாறிகள் இருந்த இடம், ஓடும் ஃபங்ஷன்களுக்கான தற்காலிக அடுக்கான ஸ்டேக்கிலிருந்து மறைந்துவிடும். உள் ஃபங்ஷனோ இன்னும் உயிரோடு இருக்கிறது. லுவா என்ன செய்கிறது என்றால், உள் ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டியை வைக்கிறது. பெட்டியில் இருப்பது ஒரு சுட்டி. வெளி ஃபங்ஷன் ஓடும்வரை அந்தச் சுட்டி ஸ்டேக்கில் உள்ள மாறியைக் காட்டும். அது முடியும் தறுவாயில், மதிப்பு பெட்டிக்குள்ளேயே நகல் எடுக்கப்படும். சுட்டி திரும்பித் தன் பெட்டியையே காட்டும். உள் ஃபங்ஷனுக்கு எந்த மாற்றமும் தெரியாது. முன்பும் சுட்டியைப் பின்தொடர்ந்தது, இப்போதும் பின்தொடர்கிறது. மாறி இடம் பெயர்ந்ததா என்று ஒருமுறைகூட அது கேட்க வேண்டியதில்லை. இரண்டு உள் ஃபங்ஷன்கள் ஒரே மாறியைப் பகிர்ந்துகொண்டால் அவற்றுக்கு ஒரே பெட்டிதான். புதிதாகப் பெட்டி செய்யும் முன் பழையது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதால், ஒன்று மாற்றியதை மற்றது காணும். உள் ஃபங்ஷன்கள் தொடாத மாறிகளுக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. சுட்டி தன்னையே திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு வரிக்காகவே நான் அந்தக் கோப்பைப் பலமுறை திறந்திருக்கிறேன்.

லுவா தனியாக வாழப் பிறந்த மொழியல்ல. சி மொழியில் எழுதிய பெரிய மென்பொருளுக்குள் உட்கார்ந்து, அதை வளைத்துக் கொடுப்பதே அதன் தொழில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டேக் இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் அதன் வழியாகத்தான். சி பக்கம் லுவாவின் டேபிளை நேரடியாகப் பிடித்துக்கொள்ள வழியில்லை, ஸ்டேக்கில் எத்தனையாவது இடம் என்று மட்டுமே சொல்லலாம். கீழிருந்து எண்ண ஒன்று, இரண்டு. மேலிருந்து எண்ண எதிர்க்குறி எண்கள். இந்த எளிய ஒழுங்குதான் லுவாவை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. 1996-இல் 'டாக்டர் டாப்ஸ்' இதழில் மூவரும் எழுதிய கட்டுரையைப் படித்து, லூக்கஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர் தங்கள் பழைய விளையாட்டு மொழியைக் கைவிட்டு லுவாவுக்கு வந்தார். அப்படி லுவாவோடு செய்த 'கிரிம் ஃபாண்டாங்கோ' விளையாட்டு 1998-இல் வெளிவந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடுகிறவர்கள் தங்கள் திரையை மாற்றிக்கொள்வது லுவாவில். அடோபியின் லைட்ரூமிலும் ரெடிஸிலும் நியோவிம்மிலும் அது இருக்கிறது. 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னால் ஓடுவதும் அதுவே. தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதை அடுக்கித் தரும் லுவா தெரிவதில்லை.

வேண்டாம் என்று விட்டவற்றிலும் நயம் உண்டு. உரையில் வடிவங்களைத் தேட மற்ற மொழிகள் பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை லுவா சேர்த்துக்கொள்ளவில்லை. அதை முறைப்படி எழுத 4,000 வரிகளுக்கு மேல் ஆகும், லுவாவின் நூலகங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது என்று ரொபெர்ட்டோ லுவா பற்றிய தன் நூலின் முதல் பதிப்பில் விளக்கியிருக்கிறார். அதற்குப் பதில் சில நூறு வரிகளில் தனக்கென ஒரு தேடல் முறையைச் செய்துகொண்டது. அதில் சமநிலைத் தேடல் என்று ஒன்று: திறந்த அடைப்புக்குறிக்குச் சரியான இணையை, நடுவில் எத்தனை அடைப்புக்குறிகள் வந்தாலும், கண்டுபிடித்துத் தரும். கோட்பாட்டின்படி தூய்மையான ரெகுலர் எக்ஸ்பிரஷனால் அது முடியாது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் நேரடியாகப் புலப்படும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லுவாவிடம் கேட்டால் 15 என்னும். அது எண்ணுவது பைட்டுகளை. 2015-இன் 5.3 பதிப்பில் வந்த யுடிஎஃப்-8 நூலகத்தைக் கேட்டால் 5 என்னும்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. நம் கண் எண்ணும் மூன்று எழுத்துகள் வரை அது வருவதில்லை. முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது. ஆனால் உலகத்து எழுத்து முறைகள் எல்லாவற்றின் விதிகளையும் தூக்கிச் சுமந்தால், ஏறத்தாழ 30,000 வரி சி நிரலில் அடங்கும் லுவா லுவாவாக இருக்காது. அது பைட்டுகளைச் சிதைக்காமல் வைத்துக் காக்கிறது. நம் எழுத்தை எண்ணும் விதியை ஒரு சிறு ஃபங்ஷனாக நாமே எழுதிக்கொள்ள இடம் விடுகிறது. டேபிளின் பெயர்கள் தமிழில் இருக்கத் தடையில்லை. மாறிகளின் பெயர்கள் மட்டும் வழக்கமாக ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். அதற்கும் 5.4-இன் மூல நிரலில் ஒரு விசை உண்டு: தொகுக்கும்போது அதை இயக்கிவிட்டால் 'விலை' என்றும் 'எடை' என்றும் மாறிகளுக்கே பெயர் வைக்கலாம்.

விசையைத் தேடி இயக்க முடிகிறது என்றால், மூல நிரல் நம் கையில் இருப்பதால்தான். 1994 ஜூலையில் வெளியான 1.1 பதிப்பு கல்விப் பணிக்கு மட்டும் இலவசம். வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டால் பயனில்லை என்று கண்டு அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். 5.0 முதல் எம்ஐடி உரிமம், கட்டற்ற மென்பொருள். மொழியில் எது சேரும் என்பதை மூவர் மட்டுமே முடிவு செய்கிறார்கள், ஆனால் பிரதியை எடுத்து வேறு மாதிரி வளர்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மைக் பால் என்பவர் லுவாஜிட் என்று அசுர வேகத்தில் ஓடும் வடிவத்தைத் தனியாகச் செய்தார். ரோப்லாக்ஸ் நிறுவனம் வகைகளை முன்கூட்டிச் சரிபார்க்கும் லுவாவ் என்ற கிளையை வளர்த்து, அதையும் எம்ஐடி உரிமத்திலேயே வெளியிட்டது.

கடைசியாக, பொது மாறிகள். லுவாவில் உள்ளூர் மாறி என்று சொல்லாமல் விட்டால் அது நிரல் முழுவதற்கும் பொதுவாகிவிடும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை போதும், புதிய பொது மாறி ஒன்று சத்தமில்லாமல் முளைத்துவிடும். பிழையான பெயரைப் படித்தால் வெறுமை வரும். புதிதாகக் கற்கிறவர்கள் தடுமாறும் இடம் இது, நியாயமான குறைதான். ஆனால் பொது மாறிகள் எல்லாம் ஒரு டேபிளில் இருக்கின்றன என்று முன்பே பார்த்தோம். டேபிள் என்றால் அதற்கு மெட்டாடேபிள் இணைக்கலாம். இல்லாத பெயரைப் படித்தால் பிழை, இல்லாத பெயரில் எழுதினால் பிழை என்று இரண்டு ஃபங்ஷன்களை அதில் வைத்தால் போதும், மொழி கண்டிப்பானதாக மாறிவிடும். 5.1 பதிப்பின் மூலத் தொகுப்பில் இதைச் செய்யும் ஒரு குட்டிக் கோப்பை அவர்களே வைத்திருந்தார்கள். கோப்பின் வெளி மட்டத்தில் மதிப்பு கொடுத்த பெயர்களை அது அறிவிப்பாக ஏற்றுக்கொள்ளும். ஃபங்ஷனுக்குள் அறிவிக்காத பொது மாறிக்கு மதிப்பு கொடுத்தால் தடுக்கும். மதிப்போடு ஏற்கெனவே இருக்கும் பெயர்களுக்கு அந்தக் காவல் குறுக்கே வருவதே இல்லை.